இஸ்தான்புல்: ஒரு பிழைதிருத்தம்

சென்ற மாதம் பாடசாலையொன்றில் நடைபெற்ற கட்டுரைப் போட்டிக்கு நடுவருள் ஒருவனாக இருக்கும்படி என்னை அழைத்திருந்தனர். 'உலகப் பெருநகர்கள்' என்பது பொருள். மேற்பிரிவு மாணவன் ஒருவன் துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகரைப் பற்றி எழுதியிருந்தான். கையெழுத்து அச்சுப் போல் இருந்தது. நடையிலும் குறை காண்டற்கில்லை. இரண்டாம் பந்தியில் ஒரு வாக்கியம் வந்தது: "இஸ்தான்புல் என்பது ஸ்தானம், புலம் என்னும் இரு சொற்கள் சேர்ந்து திரிந்த பெயராகும், ஆகவே அது எம் முன்னோர் இட்ட பெயர் என அறிஞர் கூறுவர்."

அந்த அறிஞர் யாரென்று அம்மாணவன் அறியான். நான் அறிவேன். அவர் வேறு யாருமல்லர். இதனை எழுதும் நானேதான்.

இற்றைக்கு 25 ஆண்டுகளுக்கு முன், பண்டிதர் பட்டம் பெற்ற புதிதில், மாலைக் கூட்டமொன்றில் சொல்லாராய்ச்சி பற்றிப் பேசினேன். உலகப் படத்திலுள்ள ஊர்ப்பெயர்கள் சிலவற்றை எடுத்து ஒவ்வொன்றுக்கும் தமிழாலோ வடமொழியாலோ பொருள் கூறினேன். இஸ்தான்புல்லுக்கு வந்தபோது, "ஸ்தானமும் இடம், புலமும் இடம், ஒருபொருட் பன்மொழி" என்றேன். கைதட்டல் எழுந்தது. கூட்டம் கலைந்தபின், கிரேக்கமும் இலத்தீனும் கற்ற கிறித்தவக் குரு ஒருவர் என்னிடம் வந்து, "பண்டிதர், அது கிரேக்கச் சொல்லல்லவோ?" என்று மெல்லக் கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். சில ஆண்டுகளின் பின் நூல்களைப் பார்த்தபோது அவர் சொன்னதே சரியென்று கண்டேன். ஆயினும் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்று கூட்டத்திலிருந்து குறிப்பெழுதிய என் மாணாக்கர் ஒருவர் பின்னர் ஆசிரியரானார். அவருடைய மாணவனே இப்பிள்ளை.

போட்டி முடிந்தபின் அவனைத் தனியே அழைத்து, "தம்பி, இதை ஆர் சொன்னது?" என்றேன். "எங்கட சேர் சொல்லித் தந்தவர், ஐயா" என்றான். அது பிழையென்றும், பிழை என்னுடையதென்றும் சொன்னேன். "அப்ப அதுக்குச் சரியான கருத்து என்ன, ஐயா?" என்றான். "நகருக்கு" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. "அவ்வளவுதானோ, ஐயா?" என்று கேட்டான்.

அவனுக்கு அன்று நின்ற நிலையில் விடை சொல்ல நேரமிருக்கவில்லை. அவன் பொருட்டும், என் பிழையை ஏட்டில் எழுதிக்கொண்ட ஏனையோர் பொருட்டும் இங்கே விடை கூற முற்படுகின்றேன்.

அந்நகருக்குப் பெயர்கள் பல. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் மெகாரா என்னும் கிரேக்க நகரிலிருந்து வந்து குடியேறியோர் அதனைப் பிசாந்தியோன் என வழங்கினர். பிசாஸ் என்னும் தலைவன் நிறுவியமையால் அப்பெயர் என்பது கதை. ஊரின் பெயரைக் கொண்டே ஊரை நிறுவியவனைப் படைத்துக்கொள்வது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். யாழ்ப்பாணத்துக்கு ஒரு யாழ்பாடியைத் தந்த நமக்கு அது புதுமையன்று. பிசாந்தியோன் என்பது கிரேக்கர் வருமுன் அப்பக்கத்தில் வழங்கிய திரேசிய மொழிக்குரிய பெயராதல் வேண்டுமென்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

பின் உரோமைப் பேரரசன் கொன்ஸ்தாந்தீன் அதனைத் தன் தலைநகராக்கி, கி.பி. 330 மே 11ஆம் நாள் விழாவெடுத்தான். 'புதிய உரோமை' என்பது அதற்கு வழங்கிய சிறப்புப் பெயர். ஆயினும் 'கொன்ஸ்தாந்தீனின் நகர்' என்று பொருள்படும் கொன்ஸ்தாந்தினோபொலிஸ் என்பதே நிலைத்தது. 'பொலிஸ்' என்பது கிரேக்கத்தில் நகர். அச்சொல்லை மாணாக்கர் மனத்திற் கொள்க; மேல்வரும் ஆராய்ச்சிக்கு அதுவே திறவுகோல்.

1453 மே 29இல் உதுமானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் நகரைக் கைப்பற்றினான். அன்றே அவன் கொன்ஸ்தாந்தினோப்பிள் என்னும் பெயரை நீக்கி இஸ்தான்புல் என்று மாற்றினான் எனப் பலரும் எழுதுவர். அது பொருந்தாது. அப்பழம்பெயரின் அரபு வடிவமாகிய 'கொஸ்தந்தினிய்யே' என்பதே உதுமானியரின் நாணயங்களில், இருபதாம் நூற்றாண்டில் அவ்வரசு முடிவுறும் காறும், பொறிக்கப்பட்டு வந்தது. வென்றவர்கள் தோற்ற அரசனின் பெயரைத் தம் காசில் நானூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் சுமந்தனர் என்பது நினைக்கத்தக்கது. பொதுமக்கள் வாயில் இஸ்தான்புல் வழங்கிற்று. அரச ஏட்டில் வேறு பெயர்கள் நின்றன. துருக்கி குடியரசாகி, 1928இல் அரபு எழுத்தை விட்டு இலத்தீன் எழுத்தை மேற்கொண்டபின், 1930இல் அந்நாட்டு அரசு பிறநாட்டார் தம் நகர்களைத் துருக்கிப் பெயராலேயே எழுதவேண்டுமென வற்புறுத்தியது. கொன்ஸ்தாந்தினோப்பிள் என முகவரியிட்ட கடிதங்களை அஞ்சற்பகுதி ஏற்க மறுத்தது. அப்பொழுதுதான் உலகத்தார் இஸ்தான்புல் என்று எழுதப் பழகினர். வெற்றிக்கும் அதற்கும் இடையே 477 ஆண்டுகள்.

இனி, இஸ்தான்புல் என்ற சொல் யாது? இடைக்காலக் கிரேக்கத்தில் 'இஸ் தின் போலின்' என்றொரு தொடர் உண்டு. 'போலின்' என்பது பொலிஸ் என்பதன் வேற்றுமை ஏற்ற வடிவம். 'தின்' என்பது, அந்நகர் என நாம் சொல்லும்போது வரும் சுட்டினைப் போன்றதொரு சிறு சொல். 'இஸ்' என்பது நம் நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' தரும் பொருளைத் தருவது. நாம் சொல்லின் பின் வைப்பதை அவர்கள் முன் வைக்கின்றனர். ஆகவே 'நகருக்கு', 'நகரினுள்' என்பதே தொடரின் பொருள். இதனை விரைந்து சொல்லுங்கால் பகரத்தின் முன் நின்ற னகரம் மகரமாகும். அம்மகரத்தை அடுத்த பகரமும் மெலிந்து ஒலிக்கும். 'அம்பு', 'கம்பு' என்பவற்றில் நம் நாவும் இதனையே செய்கின்றது. 'இஸ்திம்போலி' என்று காதில் விழுந்தது இவ்வாறே.

இது வெறும் ஊகமெனின், என் பழைய 'ஸ்தான புலத்'துக்கும் இதற்கும் வேறுபாடில்லை. ஆதலின் சான்று காட்டவேண்டும். துருக்கியர் நகரைக் கைக்கொள்ளுமுன் வாழ்ந்த மூவர் இதற்குச் சான்று பகர்கின்றனர். முதல்வர் பாக்தாது நகரிற் பிறந்து கி.பி. 956இல் மறைந்த அரபு அறிஞர் அல் மஸ்ஊதி. கிரேக்கர் தம் தலைநகரைக் 'பூலின்' என்றும், அதன் பெருமை தோன்ற 'இஸ்தன் பூலின்' என்றும் சொல்வதன்றிக் கொன்ஸ்தாந்தினோப்பிள் என்று சொல்வதில்லை என அவர் எழுதிவைத்தார். இரண்டாமவர் தைமூரிடம் தூது சென்ற கஸ்தீலிய நாட்டுக் கிளாவிஹோ. 1403இல் அந்நகரைக் கண்ட அவர், நாம் சொல்லும் பெயரால் அன்றி 'எஸ்கொம்போலி' என்றே கிரேக்கர் அதனை அழைக்கின்றனர் என்றார். மூன்றாமவர் 1396இல் துருக்கியரிடம் சிறைப்பட்டு 1427இல் தாயகம் மீண்ட பவேரியர் ஷில்ட்பெர்கர். கிரேக்கர் 'இஸ்திம்போலி' என்றும் துருக்கியர் 'ஸ்தம்போல்' என்றும் சொல்வர் என அவர் இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துக் காட்டினார்.

அரபு நாட்டார் ஒருவர், இசுப்பானியர் ஒருவர், செருமானியர் ஒருவர். வேறு வேறு நாட்டினர். வேறு வேறு மொழியினர். ஒருவர் நூலைப் பார்த்து ஒருவர் எழுதியவரல்லர். மூவரும் தம் காதாற் கேட்டதை எழுதினர். எழுத்துச் சிறிது வேறுபடுகின்றது. ஒலி ஒன்றாகவே நிற்கின்றது. வழக்கு மன்றத்திலும் இதற்கு மேற்பட்ட சாட்சியை நாம் எதிர்பார்ப்பதில்லை.

சான்றுக்கு அடுத்தது விதி. ஒரு திரிபு ஒரு பெயரில் மட்டும் நிகழ்ந்ததெனின் அதனை ஐயுறவேண்டும். பல பெயர்களில் நிகழ்ந்ததெனின் விதியெனக் கொள்ளலாம். துருக்கி நாட்டுப் படத்தை விரித்துப் பார்த்தால் 'போலு' என முடியும் ஊர்கள் பல தோன்றும். முதலாம் உலகப் போரிற் பெயர்பெற்ற கலிப்போலியைத் துருக்கியர் 'கெலிபோலு' என்பர். அது 'கல்லிபொலிஸ்', அஃதாவது அழகிய நகர். கருங்கடற் கரையில் 'திரெபோலு' உண்டு; அது 'திரிபொலிஸ்', முந்நகர். அக்கரையிலேயே 'இனெபோலு' உண்டு, அது 'இயோனோபொலிஸ்'. உள்நாட்டில் குங்குமப்பூவுக்குப் பெயர்போன 'சப்ரன்போலு' உண்டு. பொலிஸ் என்பது துருக்கியர் நாவில் ஈறு குறைந்து, பகரம் மெலிந்து நிற்பதை இவை அனைத்திலும் காணலாம்.

முன்னின்ற 'இஸ்' என்பதற்கும் துணை உண்டு. கி.பி. 325இல் கிறித்தவப் பேரவை கூடிய நிக்கேயா நகர் இன்று 'இஸ்னிக்' ஆகும். 'நிக்கேயாவுக்கு' என்னும் கிரேக்கத் தொடரே அதன் முதல். கோஸ் என்னும் தீவைத் துருக்கியர் 'இஸ்தான்கோய்' என்பர். 'கோசுக்கு' என்பது அதன் முதல். வழிப்போக்கன் "எங்கே போகின்றீர்?" என்று கேட்க, உள்ளூரான் உருபோடு சேர்த்து விடை சொல்ல, கேட்டவன் அவ்வுருபையும் பெயரின் பகுதியென்றே கொண்டுவிட்டான். இது நிகழக்கூடியதே என்பதை ஊர்விட்டு ஊர் போனவர் எவரும் ஒப்புவர்.

துருக்கியர் நாவின் இயல்பும் இதற்குத் துணை செய்தது. சொல்லின் முதலில் இரு மெய்கள் இணைந்து நிற்பதை அம்மொழி பொறாது. முன்னே ஓர் இகரத்தைச் சேர்த்துக்கொள்ளும். புகைவண்டி நிலையத்தைக் குறிக்கப் பிரெஞ்சு மொழியிலிருந்து பெற்ற சொல்லை அவர்கள் 'இஸ்தாஸ்யோன்' என்பர். நம் கிராமத்து முதியவர் 'இஸ்டேசன்' என்பதும் இக்காரணத்தாலன்றோ? ராமனை இராமன் ஆக்கியும், லோகத்தை உலோகம் ஆக்கியும் மொழிமுதல் மரபு காத்த நமக்கு, ஸ்மிர்ணா என்னும் பழநகர் துருக்கியில் 'இஸ்மிர்' ஆனது வியப்பளிக்கக்கூடாது.

இனி என் பழைய கூற்றைப் பாருங்கள். பாரசீகத்தில் 'ஸ்தான்' என ஓர் ஈறு இருப்பதும், அது வடமொழி ஸ்தானத்துக்கு உடன்பிறந்தது என்பதும் உண்மையே. ஆனால் இந்துஸ்தான், ஆப்கானிஸ்தான் என அது எப்போதும் ஈற்றில் நிற்கும், முதலில் நில்லாது. ஈற்றுக்குரியதை நான் தலையில் தூக்கி வைத்தேன். அதன் பின்னே புலம் என்னும் தமிழ்ச்சொல்லை ஒட்டினேன். அச்சொல் எந்த வழியாக, எந்தக் காலத்தில், எவர் வாயிலாக அக்கடற்கரையை அடைந்தது என்று ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை. செவிக்கு இனிதாயிருந்தது; அவைக்கும் இனிதாயிருந்தது. அதனோடு நின்றுவிட்டேன்.

இப்பிழை எனக்கு மட்டும் உரியதன்று என்பது ஒரு சிறு ஆறுதல். உதுமானியர் சிலர் அப்பெயரை 'இஸ்லாம்போல்' எனத் திருத்தி வழங்கினர். 'போல்' என்பது துருக்கியில் நிறைவு. இஸ்லாம் நிறைந்த நகர் என்று பொருள் வந்தது. 18ஆம் நூற்றாண்டு நாணயங்கள் சிலவற்றில் இவ்வடிவமே பொறிக்கப்பட்டது. பக்தியால் எழுந்த விளக்கம் அது. ஆயினும் அப்பெருமை அவர்களுக்குத் தேவைப்பட்டதா? முகம்மது நபி அடக்கமான மதீனா நகரின் பெயரை நோக்குக. யத்ரிப் என்பது அதன் பழம்பெயர். மதீனா என்ற அரபுச் சொல்லுக்கு நகர் என்பதே பொருள். நபியின் நகர் என்பது நாளடைவில் நகர் என்றே சுருங்கி நின்றது. இஸ்லாமிய உலகின் புனித நகர்களுள் ஒன்று 'நகர்' என்று மட்டும் பெயர்பெற்று நிற்கையில், இஸ்தான்புல் அப்பொருளோடு நிற்பதில் யாது இழுக்கு?

இங்கேதான் அம்மாணவனின் "அவ்வளவுதானோ?" என்ற வினாவுக்கு விடை இருக்கின்றது. ஒரு நகரைச் சூழ வாழ்வோர் அதற்குப் பெயரே சொல்லாமல் 'நகர்' என்று மட்டும் சொல்வது எப்பொழுது? அதற்கு ஈடாக வேறொன்று அவர்கள் கண்ணுக்குத் தெரியாதபொழுதுதான். காவிரிப்பூம்பட்டினத்தைப் பட்டினம் என்றே சொன்ன நம் பழையோர் இதனை அறிவர். பட்டினப்பாலை என்ற நூற்பெயரே சான்று. பேரரசன் தன் பெயரை அந்நகர்மேற் பொறித்தான். சுல்தான்மாரின் அரசு அதற்கு 'இன்பத்தின் வாயில்' என்னும் பொருள்பட 'தெர்சாதெத்' என்று புகழ்ப்பெயர் சூட்டியது. ஆனால் சந்தைக்குப் போனவனும், தோணி வலித்தவனும், அயலூரில் மகளைக் கட்டிக்கொடுத்தவனும் "நகருக்குப் போய் வருகின்றேன்" என்று நாள்தோறும் சொன்ன சொல் அப்பெயர்களுக்குப் பின்னும் நின்று நிலைத்தது. வென்றவரும் தோற்றவரும் ஒரே சொல்லையே வழங்கினர் என்பதை ஷில்ட்பெர்கர் காட்டினார். கிரேக்கர் இன்றும் அந்நகரைப் 'போலி', அஃதாவது நகர், என்றே பேச்சில் வழங்குகின்றனர். இஃது 'அவ்வளவுதான்' என்று தள்ளத்தக்க பொருளா?

"ஊர்ப்பெயர்களுக்குத் தமிழ் வேர் காட்டினால் பிள்ளைகளுக்கு மொழிப்பற்று உண்டாகுமே, சிறு பிழையிருந்தால் என்ன?" என்று நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. நானும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணினேன். இன்று அதனை ஏற்கமாட்டேன். பொய்யான வேரைக் கற்ற பிள்ளை ஒருநாள் உண்மையை அறிவான். அன்று அவன் இழப்பது அந்த ஒரு சொல்லை மட்டுமன்று. நாம் கற்பித்த ஏனைய அனைத்தையும் ஐயுறுவான். மெய்யாகவே நமக்குரியனவற்றையும் ஐயுறுவான். பற்று வளர்ப்பதாக எண்ணி நாம் அதன் அடிவேரையே அறுத்தவராவோம்.

மேலும், உண்மையான தொடர்புகள் இருக்கையில் பொய்த்தொடர்பு எதற்கு? சங்க நூல்களிற் பயிலும் 'யவனர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் இயோனியா என்னும் நாட்டுப்பெயர். அந்நாடு இன்றைய துருக்கியின் மேற்குக் கடற்கரையில், எபேசு, மிலேத்து முதலிய பழநகர்கள் இருந்த பகுதியாகும். அங்கு வாழ்ந்த கிரேக்கரைப் பழம்பாரசீகர் 'யௌன' என்றனர். வடமொழியார் 'யவன' என்றனர். நம் புலவரும் அவ்வழியே பெற்றனர். அரபியர் 'யூனான்' என்றனர். துருக்கியர் இன்று கிரேக்க நாட்டை 'யுனானிஸ்தான்' என்கின்றனர். யவனரின் ஸ்தானம்! நான் இஸ்தான்புல்லில் தேடி இல்லாத இடத்தில் ஒட்டிய அதே ஸ்தானம், அம்மொழியிலேயே, தனக்குரிய ஈற்றிடத்தில், நமக்குப் பழக்கமான யவனரோடு சேர்ந்து நிற்கின்றது. இது கைதட்டலுக்காகக் கட்டியதன்று. படிப்படியாகச் சான்று உள்ளது. இதனை அன்று அவையிற் சொல்லியிருந்தால் அக்குருவானவரும் மகிழ்ந்திருப்பார்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒன்று கூறுவேன். ஊர்ப்பெயருக்குப் பொருள் கூறுமுன் மூன்று கேள்விகளைக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். அப்பெயரை முதன்முதல் எழுதியவர் எவ்வாறு எழுதினார்? நாம் கூறும் திரிபு வேறு பெயர்களிலும் நிகழ்ந்துள்ளதா? அம்மொழி அவ்விடத்தை அடைந்த வழி எது? மூன்றுக்கும் விடையில்லையாயின், விளக்கம் எவ்வளவு இனிதாயினும் கரும்பலகையில் எழுதவேண்டாம். எழுதியபின் பிழையெனக் கண்டால் அன்றே அழித்துவிடுங்கள். என்னைப்போற் காத்திருக்க வேண்டாம்.

அம்மாணவனுக்கு முதற்பரிசு கொடுப்பதா என்று நடுவரிடையே பேச்சு வந்தபோது, அவ்வாக்கியத்துக்காகப் புள்ளி குறைத்தல் தகாது, அதன் குற்றம் என்னைச் சேரும் என்று சொன்னேன். ஏனைய நடுவர் இருவரும் ஒப்பினர். அவனுடைய ஆசிரியருக்கும் அன்றிரவே கடிதம் எழுதினேன். கிழமை ஒன்று கழித்துப் பதில் வந்தது. வகுப்பில் என் கடிதத்தை வாசித்துக் காட்டியதாகவும், பிள்ளைகள் தம் ஏட்டிலிருந்த வரியை வெட்டி 'நகருக்கு' என்று எழுதிக்கொண்டதாகவும் அவர் அறிவித்திருந்தார். அன்றைய கூட்டத்தில் என் பேச்சைக் கேட்டுக் குறிப்பெழுதிய வேறு அன்பர்கள் இருப்பின், அவர்களும் அவ்வரியை வெட்டிவிடுமாறு பணிவுடன் வேண்டுகின்றேன்.